சுதி என்று எழுதாதே

ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது:

வேளாவேளைக்கு உண்டும் உறங்கியும் உடலைப் பேணி வருகிறாய் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். என் முழங்கால் வலி என்னைக் கேட்டு வரவில்லை. ஆகவே நான் சொன்னதால் போவதாகவும் இல்லை. மற்றபடி நலமே.

நற்செய்தி ஒன்றை உனக்கு முதலில் தெரிவிக்கும் பேறு எனக்கு வாய்த்திருக்கிறது. வானொலி நிலையத்து வாத்தியக் குழுவில் வயலினுக்கு ஓர் இடம் காலியாகிறது. அதற்கான அறிவிப்பு எங்கள் அச்சகத்துக்கு வந்தது. மெய்ப்புத் தாள் வழக்கம்போல் என் மேசைக்கு வந்தது. 'வாத்தியம்' என்ற சொல்லில் ஓர் ஒற்றெழுத்தை விழுங்கி 'வாதியம்' என்று கோத்திருந்தார்கள். திருத்தினேன். திருத்தும்போதே இந்த இடம் என் தம்பிக்கு என்று மனம் முடிவு செய்துவிட்டது. தேர்வு மே மாதத்தில். விண்ணப்பத்தாளை இத்துடன் இணைத்துள்ளேன்.

நிரந்தரமான இடம், முதுமை வரைக்கும் ஒரே நாற்காலி. விருந்து மண்டபங்களில் தட்டுகளின் ஓசைக்கும் குழந்தைகளின் அழுகைக்கும் நடுவே நீ வாசித்தது போதும். இனி, கேட்பதற்கென்றே அமர்ந்திருப்பவர்களுக்கு நீ வாசிக்க வேண்டும். அம்மா மறைந்தபோது நீ சிறுவன். நான் எட்டாம் வகுப்போடு நின்றேன். அதற்காக வருந்தியதில்லை, கற்க வேண்டியதை மெய்ப்புத் தாள்களிலேயே கற்றுக்கொண்டேன். என்னை ஐயம் கேட்காமல் இங்கே ஒரு பக்கமும் அச்சேறுவதில்லை. எனினும், நான் படிப்பை நிறுத்தியதற்கு ஒரு பொருள் இருந்தது என்பதை ஒருமுறையேனும் வானொலியில் என் காதால் கேட்க விரும்புகிறேன்.

உன் உயர்வை விழைந்திருக்கும்
அக்கா

பி.கு.: என் கடிதத்தில் பிழை கண்டால் தயங்காமல் எழுது. காண மாட்டாய்.


பிப்ரவரி 3

பண்டித அக்காவுக்கு,

சுகம். உன் முழங்காலை நான் விசாரித்ததாகச் சொல். இந்த உலகத்தில் உன்னை எதிர்த்துப் பேசுவது அது ஒன்றுதான்.

விண்ணப்பம் போட்டுவிட்டேன். அந்த நாற்காலி கிடைத்தால் முதலில் உன்னை அதில் உட்கார வைத்துவிட்டுத்தான் நான் உட்காருவேன்.

இங்கே எங்கள் குழுவின் ஒத்திகை வழக்கம்போலத்தான். மூடிப்போன துணிக்கடை ஒன்றின் மாடி. பழைய கடைப் பொம்மைகள் தலை இல்லாமல் சுவரோரம் நிற்கின்றன. அவற்றின் முன்னால் நான் வாசிப்பதை நீ கேட்க வேண்டும் அக்கா. வில் தானாக வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் பாடகியம்மா யாரையும் லேசில் பாராட்டாதவர். அவரே ஒரு நாள் பாட்டை நிறுத்திவிட்டு, "இதை அப்படியே மண்டபத்துல வாசிச்சீங்கன்னா நான் பாடவே வேண்டாம்" என்றார். அங்கேதான் சிக்கல். தலை இருப்பவர்கள் முன்னால் போனால் என் வலது கை நடுங்குகிறது. வில் கம்பிமேல் குதிக்கிறது. போன மாதம் அந்த நடுக்கம் மைக்கில் தடதடவென்று கேட்டது. தபேலாக்காரர் அதையும் ஒரு தாளமாக்கி எப்படியோ சமாளித்தார்.

அன்றைக்கு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏன்டா வெறுமனே மேடை ஏறுற? கொஞ்சம் சுதி ஏத்திக்கிட்டு ஏறு, கை தானா ஓடும்" என்றார். நானும் இரண்டு நிகழ்ச்சியில் செய்து பார்த்தேன். அவர் சொன்னது நிஜம். நடுக்கம் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் மனசில் ஏதோ உறுத்துகிறது. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். தேர்வுக்குச் சுதியோடு போகட்டுமா, சுதி இல்லாமல் போகட்டுமா? நீ எதைச் சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

எனக்காகக் கவலைப்படும் நேரத்தில் கொஞ்சத்தை எடுத்து நீயும் சாப்பிடு.

தம்பி


பிப்ரவரி 19

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது:

உன் நலம் கண்டு மகிழ்ந்தேன். என் முழங்கால் உன் விசாரிப்பை ஏற்றுக்கொண்டது. நன்றி தெரிவிக்கும் வழக்கம் அதற்கு இல்லை.

முதலில் உன் கடிதத்தில் உள்ள ஒரு பிழையைக் களைகிறேன். 'சுதி' என்று எழுதாதே. அது பேச்சில் தேய்ந்துபோன வடிவம். 'சுருதி' என்பதே முறை. இசையைத் தொழிலாகக் கொண்டவன் அதன் தாய்ச்சொல்லைச் சிதைக்கலாகாது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். இதுவும் ஒரு கேள்வியா? சுருதியின்றி மேடையேறலாமா என்று ஒரு வயலின் கலைஞன் வினவுவது, மையின்றி அச்சடிக்கலாமா என்று எங்கள் முதலாளி வினவுவதற்கு ஒப்பாகும். இசையின் இலக்கணம் எனக்குத் தெரியாது. எனினும் காது உண்டு. தபேலாக்காரர் அனுபவம் மிக்கவர் என்பது அவர் பேச்சிலேயே தெரிகிறது. அவர் சொற்படி நட. தேர்வன்று மட்டுமன்றி எந்நாளும் சுருதியோடே மேடையேறு. மேடைக்குப் போனபின் அவசர அவசரமாகச் சேர்க்காதே. முன்னதாகவே தனியாக ஓரிடத்தில் அமர்ந்து, பதற்றமின்றி, போதும் என்று உன் மனம் சொல்லும்வரை சேர்த்துக்கொள். நடுவில் குறைவதாகத் தோன்றினால் கூச்சப்படாமல் மீண்டும் ஏற்றிக்கொள். அவையினர் பொறுத்துக்கொள்வார்கள். தேர்ந்த கலைஞர்கள் அனைவரும் அவ்வாறே செய்வதாக அறிகிறேன்.

உன் மனத்தில் உறுத்துவது யாதென்று எனக்கு விளங்கவில்லை. புதிய பழக்கத்துக்கே உரிய கூச்சமாக இருக்கலாம். துடைத்தெறி.

உன் வெற்றிச் செய்திக்கு இப்போதே மேசையில் இடம் ஒதுக்கி வைத்திருக்கும்
அக்கா


மார்ச் 22

பண்டித அக்காவுக்கு,

சுகம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அடுத்தடுத்து நிகழ்ச்சிகள்.

உன் கடிதத்தை ஒத்திகை அறையில் எல்லார் முன்னாலும் வாசித்தேன். 'போதும் என்று உன் மனம் சொல்லும்வரை' என்ற இடம் வந்ததும் தபேலாக்காரர் ஒரு பொம்மையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். "இப்படி ஒரு அக்கா எனக்கு வாய்ச்சிருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்டா" என்றார். கடிதத்தைக் கையில் வாங்கி இன்னொரு முறை தானே படித்துக்கொண்டார். உன் தமிழுக்கு இங்கே ஏகப்பட்ட மரியாதை. பாடகியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க உங்க அக்காவுக்கு என்ன எழுதுனீங்கன்னு தெரிஞ்சாத்தானே இதுக்கு அர்த்தம் தெரியும்" என்று சொல்லிவிட்டு சுருதிப் பெட்டியைத் துடைக்கப் போய்விட்டார். அவர் எப்போதும் அப்படித்தான்.

இப்போது கை நடுங்குவதே இல்லை அக்கா. நீ சொன்னபடியேதான் செய்கிறேன். மேடையில் விளக்கெல்லாம் மஞ்சளாக, மெத்தென்று ஆகிவிடுகிறது. தலை உள்ளவர்களும் பொம்மை மாதிரித்தான் தெரிகிறார்கள். விரல் எங்கே போகவேண்டும் என்று நான் நினைப்பதற்கு முன்னாலேயே போய்விடுகிறது.

போன வாரத்து நிகழ்ச்சியைக் கேசட்டில் பதிந்து அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டு எழுது. உன் காதுக்குத் தப்பியது எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

தம்பி


ஏப்ரல் 8

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது:

கேசட் பழுதின்றி வந்து சேர்ந்தது. நீயும் பழுதின்றி இருப்பாயாக. இங்கே நலம்.

முதலாளியின் டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கிக் காகிதக் கிடங்கில் வைத்துக் கேட்டேன். சுற்றிலும் காகிதக் கட்டுகள் அடுக்கியிருப்பதால் அங்கே எதிரொலி இல்லை. ஓசை ஓசையாகவே கேட்கும். பைண்டிங் பகுதியில் வேலை செய்யும் அம்மாவும் பசைக் கையோடு வந்து உட்கார்ந்துகொண்டார். அவரிடம் "என் தம்பி" என்று மூன்று முறை சொன்னேனாம். நான் ஒருமுறை சொன்னதாகத்தான் நினைவு.

நடுக்கம் அறவே இல்லை. வில் நீளமாகவும் துணிவாகவும் செல்கிறது. பெருமிதம் கொண்டேன். ஆயினும் உண்மையை மறைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. இரண்டாம் பாட்டில் ஏதோ உறுத்திற்று. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். பாடகியம்மாவின் குரல் சுருதிப் பெட்டியைவிட ஒரு மயிரிழை கீழே இறங்கி நிற்கிறது. முதலில் சரியாகத் தொடங்குகிறவர், போகப் போக இறங்குகிறார். நீ உடன் செல்லும் இடங்களிலெல்லாம் இறங்குகிறார். வயதின் காரணமாக இருக்கலாம். மரியாதைக் குறைவின்றி அவரிடம் எடுத்துச் சொல். உன் வாசிப்பின் மேன்மையை அவர் குரல் மறைத்துவிடலாகாது.

இன்னொன்று. உன் கையெழுத்தில் வரிகள் வலப்பக்கம் போகப் போகக் கீழ்நோக்கிச் சரிகின்றன. ஓடும் பேருந்தில் எழுதுகிறாய் போலும். மேசையில் வைத்து எழுது.

உன் இசையில் செவி நிறைந்திருக்கும்
அக்கா


ஏப்ரல் 29

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது:

முந்தைய கடிதத்துக்கு மறுமொழி இல்லை. தேர்வுக்கான பயிற்சியில் மூழ்கியிருப்பாய். உடம்பைப் பார்த்துக்கொள். இவ்வரியை வழக்கத்துக்காக எழுதவில்லை.

அச்சகத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. அதை மட்டும் எழுதி முடித்துக்கொள்கிறேன். எங்கள் மெஷின்காரர் நண்பர் ஒருவருக்கு விடைகொடுக்கும் விருந்துக்குப் போய்விட்டுப் பிற்பகலில் வேலைக்குத் திரும்பினார். திரும்பியவர் தாள்களைத் தலைகீழாகச் செலுத்திவிட்டார். ஒரு புத்தகத்தின் முற்பகுதி முழுவதும் தாள்களின் பின்பக்கம் தலைகீழாக அச்சாகி வந்தது. நாங்கள் பதறிப்போய் நிற்க, அவர் மட்டும், "இன்னைக்கு மாதிரி அழகா எந்த நாளும் வந்ததில்ல, பாருங்க" என்று தாளைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பைண்டிங் அம்மா எல்லாரையும் விலக்கினார். "அண்ணன் நல்ல சுதியில இருக்காரு, யாரும் கிட்ட போகாதீங்க" என்றார். வழக்கம்போல் நான் இடைமறித்து, அதைச் 'சுருதி' என்று சொல்ல வேண்டும் என்று திருத்தினேன். அச்சகமே சிரித்தது. மெஷின்காரரும் சிரித்தார். அந்த அம்மா என்னைப் பசை காய்ச்சும் அடுப்புப் பக்கம் அழைத்துப் போய், "நிஜமாவே உங்களுக்குத் தெரியாதாக்கா? சுதின்னா தண்ணி போட்டிருக்காருன்னு அர்த்தம். ஊர் உலகத்துக்கே தெரியுமே" என்றார்.

வேடிக்கை இவ்வளவே. அன்று மாலை என் மேசையிலிருந்து போன பக்கங்களில் பிழைகள் இருந்தன என்று முதலாளி வியந்தார்.

தேர்வுக்கு என் வாழ்த்துகள். ஒரு சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் இருக்கக்கூடும் என்பதை நினைவில் கொள்வாயாக. பிப்ரவரியில் நான் எழுதிய கடிதம் உன்னிடம் இன்னும் இருந்தால் கிழித்துவிடு. அதில் நடை சரியில்லை.

உன் நலமே கருதும்
அக்கா


மே 27

அக்காவுக்கு,

சுகம்.

இடம் கிடைக்கவில்லை. தேர்வுக்குழுவில் மூன்று பேர். ஐந்து நிமிடம் வாசிக்க விட்டார்கள். நடுவில் இருந்தவர் கையைக் காட்டி நிறுத்தினார். "கை நல்லா இருக்கு. காதை எங்க விட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டார். மற்ற இருவரும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அறையில் குளிர் அதிகம். கம்பி இறங்கிவிட்டது. வேறு ஒன்றுமில்லை.

உன் கடிதங்கள் வந்தன. மெஷின்காரர் வேடிக்கை நன்றாக இருந்தது.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

தம்பி


ஜூன் 12

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது:

உன் கடிதம் கண்டேன். மனம் தளராதே. ஒரு நாற்காலி போனால் வேறு நாற்காலி வரும். குளிரில் கம்பி இறங்குவது இயல்பு. அதை அறியாதவர்களா தேர்வாளர்கள் என்று எனக்கு வியப்பாக இருக்கிறது. வேறு ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி.

இவ்விடத்தில் இன்னொரு வரி எழுதி அடித்துவிட்டேன். மை பரவியிருப்பதைப் பொருட்படுத்தாதே.

பாடகியம்மா நலமாக இருக்கிறாரா? அவரைப் பற்றி நான் எழுதியதை அவரிடம் சொல்லவில்லை என்று நம்புகிறேன்.

நேரம் கிடைத்தால் சில நாள் வந்து தங்கிப் போ. உன் அறையில் காகிதக் கட்டுகளை வைத்திருக்கிறேன், எடுத்துவிடுவேன்.

எந்நாளும் உன்
அக்கா


ஜூலை 30 (அஞ்சலட்டை)

தம்பிக்கு,

நலமா? ஒரு வரி போதும். பிழை இருந்தாலும் பாதகமில்லை.

அக்கா


செப்டம்பர் 2

அக்காவுக்கு,

சுகம் என்று எழுதினால் அது பொய். படுத்து எழுந்தேன். இப்போது நடமாடுகிறேன்.

நான் குழுவில் இல்லை. பாடகியம்மாவைப் பற்றி நீ எழுதியதை அவரிடம் சொன்னேன். தனியாகச் சொல்லியிருக்கலாம். எல்லார் எதிரிலும் கடிதத்தைப் பிரித்து வாசித்தேன், 'வயதின் காரணமாக இருக்கலாம்' என்பது வரைக்கும். தபேலாக்காரர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா கோபப்படவில்லை. "உங்க அக்காவுக்கு நல்ல காது. இனிமே நான் இருக்க வேண்டிய இடத்துலயே இருந்துக்கறேன்" என்றார். அடுத்த நிகழ்ச்சியில் அப்படியே செய்தார். அன்றைக்கு மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் தட்டை விட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த அம்மா இன்றைக்குச் சுருதி விலகி எங்கேயோ பாடுகிறார் என்று நான் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் என் வயலினைத்தான் பார்த்தார். இது நடந்தது தேர்வுக்கு முன்னால். அதற்குப் பிறகு குழுவில் என்னைக் கூப்பிடவில்லை.

போன மாதம் காய்ச்சலில் கிடந்தேன். தொண்டையில் எதுவும் இறங்கவில்லை, சுதியும்தான். அப்படிக் கிடந்த ஒரு காலையில், உனக்கு அனுப்பிய கேசட்டின் நகலை எடுத்துப் போட்டேன். மேடையில் எனக்குக் கேட்டதற்கும் அதில் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை அக்கா. விரல் பறந்தது என்று நினைத்தேனே, கேசட்டில் அது தபேலாவுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு நீண்ட சுரத்திலும் நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரிகிறேன். நடுக்கம் இல்லை என்பது மட்டும் நிஜம். நடுக்கம் போனபோது கூடவே மற்றதும் போயிருக்கிறது.

நீ கேட்டது சரிதான், அந்த அம்மா இறங்கினார். பெட்டிக்கும் எனக்கும் நடுவில் இடைவெளி தெரியாமல் இருக்க, இரண்டுக்கும் மத்தியில் வந்து நின்று பாடியிருக்கிறார். எத்தனை நிகழ்ச்சி அப்படிப் பாடினாரோ தெரியாது. யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னிடமும்தான்.

இன்னொன்று. உன் எதிரில் உட்கார்ந்து சொல்வதாக நினைத்துக்கொள். உனக்குப் புரியலைன்னு உன் பதில் வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். புரியாதுன்னு தெரிஞ்சுதான் அப்படி எழுதினேன். வேற யாரைக் கேட்டிருந்தாலும் வேண்டாம்னு சொல்லியிருப்பாங்க. சரின்னு சொல்லக்கூடிய ஒரே ஆள் நீதான். சுதின்னு எழுதினா நீ எழுத்தைத்தான் பார்ப்பேன்னு தெரியும்.

மெஷின்காரர் கதையும் தேர்வுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தது. உனக்கும் தெரிந்துவிட்டது என்று படித்ததும் புரிந்தது. நீ அந்தச் சொல்லை எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இரண்டு பேரும் எழுதாத வரைக்கும் அது இல்லை என்று வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அப்படி வைத்துக்கொண்டுதான் தேர்வுக்குப் போனேன்.

இப்போது மேடையும் இல்லை, ஆளும் இல்லை. ஆனால் சுதி இல்லாத நாளில் கை நடுங்குகிறது. பொம்மைகள் முன்னால் வாசித்தாலும் நடுங்கும். டம்ளரைப் பிடித்தாலும் நடுங்குகிறது. இந்தக் கடிதத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். பேருந்தில் எழுதவில்லை, மேசையில் வைத்துத்தான் எழுதினேன்.

தம்பி


செப்டம்பர் 9

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. என் நலம் பற்றி இம்முறை எழுதவில்லை; எழுதத் தக்கதாக அது இல்லை.

எனக்குப் புரியவில்லை என்று நீ எழுதியிருக்கிறாய். அது முழு உண்மை அன்று. மெய்ப்பில் ஐயம் எழும்போது ஓரத்தில் கேள்விக்குறி இடுவது என் தொழில். உன் பிப்ரவரிக் கடிதத்தில் 'மனசில் ஏதோ உறுத்துகிறது' என்ற வரிக்கு வந்ததும் என் பென்சில் தானாகவே ஓரத்துக்குப் போயிற்று. கம்பியை முறுக்குவதற்கு யாருக்கு மனம் உறுத்தும்? குறி இட்டிருந்தால், அச்சொல்லின் பொருளை நான் எவரிடமேனும் கேட்டிருக்க வேண்டும். இந்த அச்சகத்தில் எல்லாரும் என்னிடம் கேட்பார்கள். நான் யாரிடமும் கேட்டதில்லை. ஆகவே பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, உன் எழுத்தைத் திருத்தினேன்.

ஏப்ரலில் பொருள் தெரிந்துவிட்டது. தேர்வுக்கு நாள் இருந்தது. ஒரு சொல் எழுதினால் போதும் என்று தெரிந்தும் ஒரு கதையை எழுதினேன். நீ புரிந்துகொள்வாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடிதத்தை உறையிலிட்டு ஒட்டும்போது அது நயமாக அமைந்திருப்பதாகக்கூட எண்ணினேன். அந்த நயத்தை இப்போது நினைத்தால் உடல் கூசுகிறது.

பாடகியம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். உனக்காக இறங்கி நின்றவரை நான் வயதைச் சொல்லி இகழ்ந்தேன். அதற்கு எந்த நடையில் மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் "தவறு என்னுடையது" என்று மட்டும் எழுதினேன். இத்துடன் வைத்திருக்கிறேன், முகவரியை நீ எழுதிச் சேர்ப்பித்துவிடு.

வானொலி நிலையத்தில் அந்த நாற்காலிக்கு வேறொருவர் வந்துவிட்டார். நேற்று மாலை கேட்டேன். குறை சொல்வதற்கில்லை, நன்றாக வாசிக்கிறார். நடுங்கும் கையோடு நீ போயிருந்தாலும் அவரைவிட நன்றாக வாசித்திருப்பாய். இதைப் பிப்ரவரியில் எழுதியிருக்க வேண்டும். வெற்றிச் செய்திக்கு மேசையில் இடம் ஒதுக்கினேனே தவிர, நடுக்கத்துக்கு ஒரு வரியில்கூட இடம் கொடுக்கவில்லை.

இனி வருவதை முறையான நடையில் எழுதப் பார்த்தேன். வரவில்லை.

குடிக்காதடா.

ஆனா நீயா திடீர்னு ஒரேயடியா நிறுத்தி உடம்பைக் கெடுத்துக்காத. மொதல்ல டாக்டரைப் பார்க்கணும்னு பைண்டிங் அம்மா சொல்றாங்க. அவங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் இருந்தாராம். நான் கேட்டேன், சொன்னாங்க. இங்க வா, நான் கூட வரேன். உன் அறையில இருந்த காகிதக் கட்டெல்லாம் எடுத்தாச்சு. வயலினையும் எடுத்துக்கிட்டு வா. காகிதக் கிடங்குல சாயங்காலம் யாரும் இருக்க மாட்டாங்க. நானும், ஒரு ஸ்டூலும், காகிதக் கட்டும்தான். கை நடுங்குனா நடுங்கட்டும். வில்லு குதிச்சா குதிக்கட்டும். அப்படியே வாசி. நான் எதுவும் சொல்லாம உக்காந்து கேக்கறேன்.

அக்கா

பி.கு.: இதைத் திருப்பிப் படித்துத் திருத்தவில்லை.